நம்ம எம்.எல்.ஏ. எந்தக் குழுவில் இருக்கிறார்?

(வட்ட விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

  

 களை எடுக்கிற நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த ஒரு நாளுக்கு மரியாதை கொடுத்துப் பேச வேண்டியது எங்கள் கடமை. வழக்கமாக இந்த மேடையில் நெல் விலை, கரும்புப் பாக்கி, உர விலை, பயிர்க் காப்பீடு இதையெல்லாம் பேசுவோம். இன்றைக்குப் பேசப் போவது வேறு. சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் இருக்கிற குழுக்கள், அதாவது கமிட்டிகள்.

"கமிட்டியா? அது நமக்கு எதுக்குய்யா? ஏரியில தண்ணி இல்லை, கொள்முதல் நிலையத்துல சாக்கு இல்லை, இவங்க கமிட்டி கதை பேச வந்துட்டாங்க" என்று பின்னால் ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். ஐயா சொல்வது நியாயம்தான். ஆனால் நம்ம நிலத்தை எடுக்கிற சட்டம், நம்ம விதையைக் கட்டுப்படுத்துகிற சட்டம், நம்ம பம்புசெட்டுக் கரண்டுக்கான சட்டம், இது எல்லாமே கடைசியில் ஒரு அறைக்குள் முப்பது பேர் உட்கார்ந்து பேசினார்களா, பேசவில்லையா என்பதில்தான் வந்து நிற்கிறது. அதை இன்றைக்குத் தெரிந்துகொண்டு போவோம்.

சட்டம் போடுகிற விதம்

அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவருகிறது. சபையில் அறிமுகம் செய்கிறார்கள். விவாதம் நடக்கிறது. "ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க" என்று சபாநாயகர் கேட்கிறார். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயம். இதைத்தான் குரல் வாக்கெடுப்பு என்கிறார்கள். அப்புறம் ஜனாதிபதியோ கவர்னரோ கையெழுத்துப் போட்டால் சட்டம்.

சபைக்குள் பேச நேரம் குறைவு. கட்சிக்கு இத்தனை நிமிஷம் என்று ஒதுக்கீடு. டெலிவிஷன் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். கொறடா உத்தரவு போட்டால் அதன்படி கை தூக்கத்தான் வேண்டும். மாற்றி ஓட்டுப் போட்டால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போகும். அங்கே ஒரு உறுப்பினர் நிதானமாக ஒரு பிரிவை எடுத்துவைத்து, "இந்த வார்த்தை ஏன் இப்படி இருக்கு? இதனால குத்தகை விவசாயிக்கு என்ன ஆகும்?" என்று கேட்க முடியுமா? முடியாது.

குழு என்பது அதற்காக ஏற்பட்டது. அறுத்த கதிரை அப்படியே மூட்டை கட்டுவோமா? களத்துக்குக் கொண்டுபோய் அடித்து, தூற்றி, பதரைத் தள்ளிவிட்டுத்தானே மூட்டை பிடிக்கிறோம். சட்டத்துக்குக் களம் இந்தக் குழுதான். கேமரா கிடையாது. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். கொறடா உத்தரவு என்பது சபையில் போடுகிற ஓட்டுக்குத்தான், குழுவில் கிடையாது. ஆளுங்கட்சிக்காரர்கூட அங்கே அதிகாரியைக் கேள்வி கேட்கலாம். துறைச் செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதில் வாங்கலாம். பொதுமக்களிடம், சங்கங்களிடம் கருத்துக் கேட்கலாம். ஒத்துப்போகாத உறுப்பினர் தன் மறுப்பைத் தனியாக எழுதி அறிக்கையோடு சேர்க்கச் சொல்லலாம்.

டெல்லியில் 24 குழு

பாராளுமன்றத்தில் துறைவாரியான நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. 1989ல் வேளாண்மை உள்ளிட்ட மூன்று பொருளுக்கு மட்டும் குழு போட்டார்கள். 1993ல் அதை 17 ஆக்கினார்கள். 2004ல் 24 ஆனது. ஒவ்வொரு குழுவிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. மந்திரியாக இருப்பவர் உறுப்பினராக முடியாது. ஒரு வருஷம்தான் ஆயுள். வருஷா வருஷம் புதிதாக அமைப்பார்கள். 16 குழுக்கள் மக்களவை சபாநாயகர் பொறுப்பில், 8 குழுக்கள் மாநிலங்களவைத் தலைவர் பொறுப்பில்.

இதில் வேளாண்மைக்கு என்று ஒரு குழு. ஆனால் விவசாயியின் பாடு அந்த ஒரு குழுவோடு முடிவதில்லை. உரம் என்றால் ரசாயனம், உரம் குழு. கரண்ட் என்றால் எரிசக்திக் குழு. நிலம் என்றால் ஊரக வளர்ச்சிக் குழு. ஆற்றுத் தண்ணீர் என்றால் நீர்வளக் குழு. அதனால் "விவசாயக் கமிட்டியில் நம்ம ஆளு இல்லையே" என்று ஒதுங்கிவிடக் கூடாது. நம்ம வயலைச் சுற்றி ஐந்து குழு இருக்கிறது.

இந்தக் குழுக்களுக்கு இரண்டு முக்கியமான வேலை. ஒன்று, அனுப்பப்படும் மசோதாவை ஆராய்வது. இரண்டு, பட்ஜெட் போட்ட பிறகு ஒவ்வொரு துறையும் கேட்கிற பணத்தை, அதாவது மானியக் கோரிக்கையை, துறைச் செயலாளர்களை வைத்துக்கொண்டு ஆராய்வது. போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவு செய்தாய், மீதி ஏன் திரும்பிப் போனது என்று கேட்கிற இடம் இது. சபையில் பல துறைகளின் கோரிக்கைகள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறிவிடுகின்றன.

இது தவிர நிதிக் குழுக்கள் மூன்று. பொதுக் கணக்குக் குழு 22 பேர். தணிக்கைத் தலைவரின் அறிக்கையை வைத்து, செலவான பணம் ஒழுங்காகச் செலவானதா என்று பார்க்கும். 1921லேயே வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது இது. மதிப்பீட்டுக் குழு 30 பேர். எல்லோரும் மக்களவை உறுப்பினர்கள். பொதுத்துறை நிறுவனங்கள் குழு 22 பேர்.

யாரை எந்தக் குழுவில் போடுவது?

இதுதான் நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம்.

பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்களுக்கு உறுப்பினர்களை சபையே தேர்ந்தெடுக்கிறது. விகிதாச்சார முறை. அதாவது சபையில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலமோ, அந்த அளவுக்குக் குழுவிலும் இடம். தேர்தல் என்று பேர் இருந்தாலும், கட்சிகள் முன்கூட்டியே பேசி, இடத்துக்குத் தகுந்த பேரைக் கொடுத்துவிடுவதால் பெரும்பாலும் போட்டியில்லாமல் முடிந்துவிடும். பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக எதிர்க்கட்சிக்காரரை வைப்பது 1967 முதல் இருந்துவரும் மரபு. கணக்கு எழுதுகிறவனே கணக்கைச் சரிபார்க்கக் கூடாது என்பதுதான் அதன் நியாயம்.

நிலைக்குழுக்களுக்கு நியமனம். கட்சித் தலைவரிடமிருந்தும் கொறடாவிடமிருந்தும் பட்டியல் போகும். சபாநாயகரும் மாநிலங்களவைத் தலைவரும் அதைப் பார்த்து நியமிப்பார்கள். உறுப்பினர் தனக்கு எந்தக் குழு வேண்டும் என்று விருப்பம் சொல்லலாம். ஆனால் விருப்பம் ஒன்று, கிடைப்பது ஒன்று. தலைவர் பதவிகளையும் கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்றபடி பங்கு போட்டுக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 குழு, குழுவுக்கு 31 பேர் என்றால் 744 இடம். இரண்டு சபையையும் சேர்த்தால் மொத்தம் 788 உறுப்பினர்கள். மந்திரிகளைக் கழித்துவிட்டால், கிட்டத்தட்ட ஒவ்வொரு எம்.பி.யும் ஏதாவது ஒரு நிலைக்குழுவில் இருந்தே ஆக வேண்டும். நம்ம தொகுதி எம்.பி.யும் இருப்பார். எந்தக் குழுவில்? இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை. அவர் எந்தக் கட்சி, யாருக்குச் சொந்தக்காரர், எந்தக் கல்யாணத்துக்கு வந்தார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. வருஷம் முழுக்க எந்த அறையில் உட்கார்ந்து எந்தச் சட்டத்தைப் பார்க்கிறார் என்பது மட்டும் தெரியாது. ஓட்டுக் கேட்டு வந்தபோது யாரும் அதை நம்மிடம் சொன்னதும் இல்லை.

இன்னொரு விஷயம். ஒரு உறுப்பினருக்கு அந்தப் பொருளில் சொந்தப் பண லாபம் இருந்தால், அவர் அந்தக் குழுவில் இருப்பதை ஆட்சேபிக்க மக்களவை விதிகளில் இடம் இருக்கிறது. முடிவு சபாநாயகர் கையில். சர்க்கரை ஆலைக்காரர் கரும்பு விலையைப் பேசுகிற இடத்திலும், விதைக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் விதைச் சட்டத்தைப் பேசுகிற இடத்திலும் உட்காரலாமா? ஆனால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாவிட்டால் ஆட்சேபம் எங்கிருந்து வரும்?

குழுவுக்குப் போன சட்டமும் போகாத சட்டமும்

பேச்சு போதும், நடந்த கதைக்கு வருவோம்.

நிலம் எடுப்புச் சட்டம். 1894ம் வருஷத்துச் சட்டத்தை மாற்ற 2011 செப்டம்பரில் புது மசோதா வந்தது. ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குப் போனது. குழுத் தலைவர் அன்று எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க.வின் சுமித்ரா மகாஜன். குழு பல தரப்பையும் கேட்டு 2012 மே மாதம் அறிக்கை கொடுத்தது. 2013ல் சட்டமானது. தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்க பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேரின் சம்மதம், சமூகத் தாக்க ஆய்வு, கிராமப்புறத்தில் சந்தை மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை இழப்பீடு எல்லாம் அதில் வந்தது. குறை இல்லாத சட்டம் என்று சொல்ல மாட்டோம். பழைய சட்டத்தோடு பார்த்தால் விவசாயி பேச ஒரு வாய் கிடைத்தது.

2014 டிசம்பர் 31ல் ஒரு அவசரச் சட்டம் போட்டு, ஐந்து வகைத் திட்டங்களுக்கு அந்தச் சம்மதத்திலிருந்தும் ஆய்விலிருந்தும் விலக்கு கொடுக்கப் பார்த்தார்கள். மூன்று தடவை அவசரச் சட்டம் போட்டார்கள். நாடு முழுக்க விவசாயிகள் எதிர்த்தார்கள். மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. 2015 மே மாதம் மசோதா 30 பேர் கொண்ட கூட்டுக் குழுவுக்குப் போனது. களத்துக்கு வந்த கதிர் தூற்றப்பட்டது. 2015 ஆகஸ்ட் 31ல் அவசரச் சட்டம் காலாவதியானது. வெளியில் நம் போராட்டமும் உள்ளே குழுவும் சேர்ந்ததால் நடந்தது இது.

மரபணு மாற்றுப் பயிர். வேளாண்மை நிலைக்குழு இதைத் தானாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. பாசுதேவ் ஆச்சார்யா தலைவர். 31 பேரில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. 2012 ஆகஸ்டில் வந்த அறிக்கை, வயல்வெளிச் சோதனைகளை நிறுத்தச் சொன்னது. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சபையில் எலியும் பூனையுமாக இருப்பவர்கள் குழுவில் ஒரே அறிக்கை எழுதினார்கள்.

விதை மசோதா. 2004 டிசம்பரில் மாநிலங்களவையில் வந்தது. வேளாண்மைக் குழு அதை ஆராய்ந்து 2006ல் அறிக்கை கொடுத்தது. விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உள்ள உரிமையில் கை வைக்காதே என்றது. அந்த மசோதா சட்டமாகவில்லை. 2025 நவம்பரில் புதிய விதை மசோதாவின் வரைவைக் கருத்துக் கேட்டு வெளியிட்டார்கள். நாம் விழித்திருக்க வேண்டும்.

கரண்டு மசோதா. நம்ம பம்புசெட் இலவச மின்சாரம் சும்மா வந்ததா? நாராயணசாமி நாயுடு காலத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்து வாங்கியது. 2022 ஆகஸ்ட் 8ல் மின்சாரத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தபோது நமக்கு வயிற்றில் புளி கரைத்தது. எதிர்ப்பு வலுத்ததால் அது எரிசக்தி நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. 2024ல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

இப்போது குழுவுக்குப் போகாத கதையைக் கேளுங்கள். 2020 ஜூன் 5ல், கொரோனா ஊரடங்கில் ஊரே முடங்கிக் கிடந்த நேரத்தில், மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் வந்தன. செப்டம்பர் 14ல் மசோதாவாக மக்களவைக்கு வந்தன. மூன்றே நாளில், 17ம் தேதிக்குள், மூன்றும் மக்களவையில் நிறைவேறின. செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் இரண்டு மசோதாக்கள். தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொடுத்தன. நம் திருச்சி சிவாவும் கொடுத்தவர்களில் ஒருவர். ஓட்டை எண்ணிப் பாருங்கள் என்று கேட்டார்கள். குரல் வாக்கெடுப்பிலேயே எல்லாம் முடிந்தது. கேட்ட எம்.பி.க்கள் எட்டுப் பேர் மறுநாள் சஸ்பெண்டு. அதே மாதக் கடைசியில் ஜனாதிபதி கையெழுத்து.

அப்புறம் நடந்தது நாடே அறியும். 2020 நவம்பர் முதல் ஒரு வருஷத்துக்கு மேல் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் விவசாயிகள் கிடந்தார்கள். 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது சங்கங்களின் கணக்கு. 2021 ஜனவரி 12ல் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்து, விவசாயிகளிடம் கருத்துக் கேட்க ஒரு குழு போட்டது. வேடிக்கையைப் பாருங்கள்! சட்டம் போடுவதற்கு முன்னால் பாராளுமன்றம் செய்ய வேண்டிய வேலையை, சட்டம் போட்ட பின்னால் நீதிமன்றம் செய்ய வேண்டி வந்தது. 2021 நவம்பர் 19ல் வாபஸ் என்று பிரதமர் அறிவித்தார். நவம்பர் 29ல் வாபஸ் மசோதா இரண்டு சபையிலும் ஒரே நாளில் நிறைவேறியது. அதற்கும் விவாதம் கிடையாது.

இது தனிக் கதை இல்லை. 2009லிருந்து 2014 வரை இருந்த 15வது மக்களவையில் வந்த மசோதாக்களில் 71 சதவீதம் குழுக்களுக்குப் போயின. அடுத்த மக்களவையில் அது நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. 2019லிருந்து 2024 வரையிலான 17வது மக்களவையில் வெறும் 16 சதவீதம். எந்த மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவது என்பதில் கட்டாயம் கிடையாது. அரசு நினைத்தால் அனுப்பும், நினைக்காவிட்டால் இல்லை. கோளாறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கோட்டையில் என்ன நிலைமை?

டெல்லியைத் திட்டிவிட்டுக் கோட்டையை விட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது.

நம் சட்டசபையில் 234 உறுப்பினர்கள். அங்கேயும் குழுக்கள் உண்டு. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு, உரிமைக் குழு, இப்படிப் பல. நிதிக் குழுக்களுக்கு சபை தேர்ந்தெடுக்கிறது. மற்றவற்றுக்கு சபாநாயகர் நியமிக்கிறார். ஆனால் டெல்லியில் உள்ளதுபோலத் துறைவாரி நிலைக்குழு இங்கே இல்லை. வேளாண்மைத் துறை மசோதாவை உட்கார்ந்து ஆராய ஒரு வேளாண்மைக் குழு கிடையாது. வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் 2021 முதல் போட்டார்கள், வரவேற்றோம். அந்தப் பட்ஜெட்டை வரிவரியாகக் கிளறிப் பார்க்க ஒரு குழு?

2023 ஏப்ரல் 21. கூட்டத்தொடரின் கடைசி நாள். சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் உள்ளே இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைக்க வழி செய்கிற சட்டம். நீர்நிலை என்றால் நமக்கு உயிர்நிலை. அதன் மேல் விவாதமே நடக்கவில்லை. எந்தக் குழுவும் ஆயக்கட்டு விவசாயியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது.

அதே நாளில் 12 மணி நேர வேலை மசோதாவும் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் பொங்கி எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1ல் வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். தொழிலாளி சத்தம் போட்டான், சட்டம் திரும்பியது. நாம் சத்தம் போடவில்லை, சட்டம் நின்றது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளாவில் 1980லேயே பொருள்வாரிக் குழுக்களை ஏற்படுத்திவிட்டார்கள். இன்றைக்கு 14 குழுக்கள். எல்லா எம்.எல்.ஏ.க்களும் ஏதாவது ஒரு குழுவில் உண்டு. மசோதா அங்கே போவதும், மானியக் கோரிக்கை அங்கே போவதும் வழக்கமான நடைமுறை. துறை மந்திரியே குழுத் தலைவராக இருப்பது அதில் ஒரு குறைதான். இருந்தாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. பாலக்காட்டு விவசாயிக்குக் கிடைப்பது பொள்ளாச்சி விவசாயிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

குழு என்றால் எல்லாம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். குழு சொல்வது சிபாரிசுதான். அரசாங்கம் ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2024 டிசம்பரில் சரண்ஜித் சிங் சன்னி தலைமையிலான வேளாண்மை நிலைக்குழு, குறைந்தபட்ச ஆதார விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்றது. பி.எம். கிசான் பணத்தை 6,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக்கு என்றது. நம்ம கோரிக்கையையே குழு எழுதிக் கொடுத்தது. ஆனால் எழுதிக் கொடுத்தது எழுத்தாகவே இருந்தால் ஏட்டுச் சுரைக்காய்தான். அதைக் கறிக்கு ஆக்குவது தெருவில் நிற்கிற நம்ம வேலை.

இருந்தாலும் ஒரு லாபம் உண்டு. நாம் துண்டறிக்கையில் எழுதினால் "சங்கத்துக்காரன் எழுதினது" என்று தூக்கிப் போடுவார்கள். பல கட்சிகளைச் சேர்ந்த 31 பேர் எழுதிய அறிக்கையை அப்படித் தூக்கிப் போட முடியாது. அது பாராளுமன்ற ஆவணம். அதை வைத்துக்கொண்டு கலெக்டரிடம் பேசலாம், கோர்ட்டில் பேசலாம், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பேசலாம்.

நம் கையில் இருக்கிற கதவுகள்

முதலாவது, மனுக்கள் குழு. நம் சட்டசபை மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது, கலெக்டர் ஆபீஸிலிருந்து செய்தி அறிவிப்பு வரும். அதில் நிபந்தனை போட்டிருப்பார்கள். ஊர்ப் பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்தது. பட்டா, பென்ஷன், வேலை, பேங்க் கடன், தனி ஆள் குறை கூடாது. கோர்ட்டில் கேஸ் இருக்கிற விஷயம் கூடாது. நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே மனுவில் ஏரி, ரோடு, ரேஷன், சுடுகாடு எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் மச்சான் பட்டாவையும் சேர்த்துவிடுகிறார்கள். அது முதல் பார்வையிலேயே தள்ளுபடி. இனி அப்படி வேண்டாம். வரத்து வாய்க்காலுக்கு ஒரு மனு. கொள்முதல் நிலையக் கட்டடத்துக்குத் தனி மனு. ஊர்க்காரர்கள் கையெழுத்து, அறிவிப்பில் கேட்கிற நகல்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, உறுதிமொழிக் குழு. மந்திரி சபையில் "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்று சொல்கிறாரே, அது காற்றோடு போகிற வார்த்தை இல்லை. சபைக் குறிப்பில் ஏறிவிட்டால் அந்த உறுதிமொழி நிறைவேறியதா என்று பார்க்கத்தான் இந்தக் குழு இருக்கிறது. நம்ம வட்டாரத்தில் ஒரு ஏரி மதகு சீரமைப்பு பற்றிக் கேட்ட கேள்விக்கு, நிதி ஒதுக்கப்படும் என்று ஒரு மந்திரி சபையிலேயே பதில் சொன்னார். ஊரில் பட்டாசு வெடித்தோம். இரண்டு மழைக்காலம் போனது. மதகு அப்படியே இருக்கிறது. தண்ணீர் வடிந்து கடைமடை காய்கிறது. பிறகு ஒரு குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வந்தது. கார் வரிசை வந்தது, தார் ரோட்டோரக் கட்டடங்களைப் பார்த்தது, போனது. நமக்கு எந்த அதிகாரியும் தகவல் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில்தான் படித்தோம். கடைமடைக்காரர்களைக் கூப்பிட்டு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போயிருந்தால், அந்தக் குழு மதகைக் கண்ணால் பார்த்திருக்குமே! இனிமேல் எந்தக் குழு வந்தாலும் நாம் கரையில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, டெல்லிக் குழுக்கள். மசோதா குழுவுக்குப் போனால் பேப்பரில் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். கெடு பெரும்பாலும் இரண்டு வாரம் போலத்தான் இருக்கும். நேரில் வந்து சொல்ல விருப்பம் என்றும் எழுதலாம். குழுவுக்கு அனுப்பிய மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். அதை அப்படியே நோட்டீஸ் போட்டு வெளியில் பரப்பக் கூடாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல ஊருக்கு ஒரு படித்த பிள்ளையை சங்கம் நியமிக்கப் போகிறது. செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற பிள்ளைகளே, அதே செல்போனில் நம்ம எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்த்து ஊர்ப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. நிலம், நீர், விதை, உரம், மின்சாரம், சந்தை சம்பந்தப்பட்ட எந்த மசோதாவையும் நிலைக்குழு ஆராயாமல் பாராளுமன்றத்தில் நிறைவேற்றக் கூடாது. அதை விதியாகவே ஆக்க வேண்டும்.

2. தமிழ்நாடு சட்டப்பேரவையில் வேளாண்மை, நீர்வளம், வருவாய் உள்ளிட்ட துறைகளுக்குத் துறைவாரி நிலைக்குழுக்கள் அமைக்க வேண்டும். மந்திரிகள் அதில் தலைவராக இருக்கக் கூடாது.

3. சட்டமன்றக் குழுக்கள் மாவட்டத்துக்கு வருகிற தேதியையும் பார்க்கப் போகிற இடத்தையும் 15 நாள் முன்னதாக ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அறிவிக்க வேண்டும்.

4. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை மறுபடியும் ஒரு தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, ஆயக்கட்டு விவசாயிகளைக் கேட்க வேண்டும்.

5. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் தாம் எந்தக் குழுவில் இருக்கிறோம், எத்தனை கூட்டத்துக்குப் போனோம் என்பதை வருஷத்துக்கு ஒரு முறை தொகுதி மக்களிடம் சொல்ல வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு தாசில்தார் அலுவலகம் முன்னால் தர்ணா. அன்றைக்கே நம் தூதுக்குழு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் எம்.பி. அலுவலகத்துக்கும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "ஐயா, நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்? விவசாயிக்காக அங்கே என்ன பேசினீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்கிவந்து அடுத்த கூட்டத்தில் வாசிப்போம். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் வாசிப்போம். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டோம்.

வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பெண்கள் கட்டாயம் வாருங்கள். நடவும் களையும் அறுப்பும் உங்கள் கையால் நடக்கும்போது கேள்வி மட்டும் ஆம்பளைகள் கேட்டால் போதுமா?

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

குழுவுக்கு அனுப்பாத சட்டம் எங்களுக்கு வேண்டாம்!

எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைப் பேசாதே!